இரண்டு முதல் எட்டு வரை

இரவு இரண்டு மணிக்கு முதுகு என்னை எழுப்பும்.
படுத்தால் கூடும், நடந்தால் குறையும் வலி இது.
மற்ற நோயெல்லாம் ஓய்வு கேட்கும்,
இதற்கு ஓய்வே ஆகாது.
சமையலறையிலிருந்து பால்கனிக்குப் பதினோரு அடி.
போவேன், வருவேன்.
நான்கு மாடிக்குக் கீழே ஐம்பத்தோராம் தெரு
கரண்ட் இல்லாமல் கிடக்கும்.
எதிர் வீட்டுக் கம்பியில் ஒரு பூனை
நான் திரும்பும் போதெல்லாம் தலையைத் திருப்பும்.

எட்டு மணிக்குத்தான் இடுப்பு என் சொல் கேட்கும்.
அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும்.
அம்மா செருப்பை மாட்டிவிடுகிறாள்.
அவளுக்கு அறுபத்தொன்று, எனக்கு இருபத்தாறு.
குனிவது அவள்.

பத்தொன்பதில் தொடங்கியது.
மாதாமாதம் வருவதுதான் என்றாள் அத்தை.
மெத்தை சரியில்லை என்றார் அப்பா,
மெத்தையை விற்றுத் தேக்குப் பலகை போட்டார்.
கல் இருக்கிறது என்று ஒருவர் படம் எடுத்தார்,
இல்லை என்று சொல்லவும் இன்னொருவர்
அதே காசு வாங்கினார்.
கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள்,
யாருக்கு என்று சொல்லவில்லை.

ஏழாம் வருஷம், டாக்டர் டோ எய் மியிண்ட்
என் குதிகாலை அழுத்திப் பார்த்தார்,
சிவந்திருந்த இடது கண்ணைப் பார்த்தார்.
"மா தீடா, காலையில் எழுந்தால்
எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது?"
அடையாள அட்டையில் மட்டும் இருக்கும் அந்தப் பெயர்
அன்று முதல்முறையாக நானாக இருந்தது.
எவ்வளவு நேரம் என்று
அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
நான் அழ அழ
அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

ஊசி சென்னையிலிருந்து வருகிறது,
இரண்டு வாரத்துக்கு ஒன்று.
இரண்டு டிகிரிக்குக் குறையக் கூடாது,
எட்டைத் தாண்டக் கூடாது,
உறைந்தால் வீண், வெதும்பினாலும் வீண்.
பெண் கேட்டு வருகிறவர்கள்கூட
இத்தனை நிபந்தனை போட்டதில்லை.

தண்ணீர்த் திருவிழாவுக்குக் கடையெல்லாம் அடைத்த வாரம்,
ஒரு பகல் முழுக்கக் கரண்ட் வரவில்லை.
பிரிட்ஜைத் திறக்காதே திறக்காதே என்று
அம்மாவிடம் கத்தினேன்.
பிறகு நானே மூன்று முறை திறந்து பார்த்தேன்.
பால்கனியிலிருந்து கயிற்றை இறக்கி
வெற்றிலைக் கடை மா பியூவைக் கூப்பிட்டேன்.
அவள் மகன் மீன் சந்தைக்கு ஓடினான்.
ஒரு மணி நேரம் கழித்துக் கயிற்றின் மணி அடித்தது.

இழுக்க முடியவில்லை.
ஐஸ் கனத்தது, விலா எலும்பு கொக்கி போட்டது.
இரண்டாம் மாடியில் யாரோ கையை நீட்டிக்
கயிற்றைப் பிடித்தார்கள்,
மூன்றாம் மாடியில் இன்னொரு கை.
முகம் தெரியவில்லை, ஒரு கையில் தனகா காய்ந்திருந்தது.
பை வந்து சேர்ந்தபோது பாதி தண்ணீர்,
உள்ளே இரண்டு இறால்.
உறையாதபடி துண்டில் சுற்றி
இறாலுக்குப் பக்கத்தில் மருந்தை வைத்தேன்.
அன்றிரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில்
தொடையில் போட்டுக்கொண்டபோது
விரலெல்லாம் கவிச்சி.

போன ஞாயிறு தாட்டனிலிருந்து ஒருவர்
என்னைப் பார்க்க வந்தார்.
டீக்கடையில் முழங்கால் உயரம்கூட இல்லாத
பிளாஸ்டிக் முக்காலிகள்.
உட்கார்ந்தால் எழ மாட்டேன், எனக்குத் தெரியும்.
மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னேன்.
பையன் சிரித்தான், அடுக்கினான்.
மேலே இருந்து பார்த்தால்
எல்லாருடைய உச்சி வகிடும் தெரிகிறது,
அவருக்கு நடுவில் லேசாக வழுக்கை.

ஏன் என்று கேட்டார்.
முதுகெலும்பில் அழற்சி, போகாது,
ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன்.
பிள்ளை பெறலாமாம், டாக்டர் சொன்னார் என்றேன்.
அதை ஏன் சொன்னேன் என்று
என் மீதே எரிச்சல் வந்தது.

அவர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் என்னுடையதை
ஆறுவதற்குள் குடித்தேன்.
கீழே இறங்கும்போது கை கொடுக்க வந்தார்,
வேண்டாம் என்றேன்.
கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

பூனைக்கு மட்டும்
இன்றிரவும் வேலை இருக்கிறது.